ஏமாற்றுவது யார்?

வணக்கம் ஐயா. சமீபத்தில் ஏற்காடு போனபோது ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்தோம். வரும் வழியில் பிளஸ் டூ படிக்கும் என் மகள், "பரிணாமத்துல எல்லாமே தற்செயல்தானேப்பா? அப்புறம் நாம மட்டும் எதுக்கு நல்லவங்களா இருக்கணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தத் 'தற்செயல்'. மரபணுவில் மாற்றம் தற்செயலாக வரலாம். வந்ததில் எது நிலைக்கும் என்பது பெரும்பாலும் தற்செயல் இல்லை.

ஆர்க்கிட்டையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் ஓஃப்ரிஸ் என்றொரு வகை உண்டு. அதன் பூ, மணத்திலும் தோற்றத்திலும் பெண் தேனீயை ஒத்திருக்கும். ஆண் தேனீ இணைசேர வந்து, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகும். தேன் ஒரு சொட்டும் கிடையாது. பூ ஏமாற்றுகிறது என்று நாம் சொல்கிறோம். ஆனால் செடிக்கு ஏது மூளை? சற்றுக் கூடுதலாகப் பெண் தேனீயை ஒத்திருந்த பூக்கள் சற்றுக் கூடுதலாக விதைத்தன. தலைமுறை தலைமுறையாக இதுவே நடந்தது, அவ்வளவுதான். திட்டமிட ஆளில்லாமலே திட்டம்போல ஒன்று உருவாகும் என்று டார்வின் 1859-இல் காட்டியது இதைத்தான். (ஆர்க்கிட் மீது அவருக்குத் தனி மோகம். 1862-இல் அதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்.)

அப்படியானால் உடலுறுப்புக்கு 'வேலை' என்று ஒன்றைச் சொல்லலாமா? இதயம் ரத்தத்தை இறைக்கிறது, லப்டப் என்று ஒலியும் எழுப்புகிறது. டாக்டருக்கு அந்த ஒலி உதவுகிறது. ஆனாலும் இறைப்பதைத்தான் இதயத்தின் வேலை என்கிறோம். தத்துவ அறிஞர் ரூத் மில்லிகன் 1984-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: முன்னோர் உடலில் எதைச் செய்ததால் ஓர் உறுப்பு வழிவழியாகத் தொடர்ந்ததோ, அதுவே அதன் வேலை. எனக்குப் பிடித்த விளக்கம். ஒரு சிக்கல், இதன்படி உலகின் முதல் இதயத்துக்கு வேலையே இல்லை!

இனி நல்லவராக இருப்பது. 'வலியது வாழும்' என்பதை டார்வின் தலையில் கட்டிவிட்டோம். அந்தச் சொற்றொடர் 1864-இல் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஸ்பென்சர் உண்டாக்கியது, டார்வின் பிறகுதான் எடுத்துக்கொண்டார். அதிலும் பேச்சு வலிமையைப் பற்றியதல்ல, சூழலுக்குப் பொருந்துவதைப் பற்றியது. கூடி வாழும் விலங்குகளிடம் பரிவு வளர்வதைப் பற்றி டார்வினே 1871-இல் விரிவாக எழுதியிருக்கிறார். எப்படியானாலும், பல் முளைத்த கதை யாரைக் கடிக்கலாம் என்று சொல்லாது. 'இருக்கிறது' என்பதிலிருந்து 'இருக்க வேண்டும்' என்பதற்குத் தாவ முடியாது என்று டார்வினுக்கு நூறாண்டுக்கு முன்பே தத்துவ அறிஞர் ஹியூம் எச்சரித்துவிட்டார்.

உங்கள் மகள் கேட்காத கேள்விதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. டார்வின் 1881-இல் ஒரு கடிதத்தில் அதை எழுப்பினார்: விலங்கு மனத்திலிருந்து வளர்ந்த மனித மனத்தின் முடிவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்? பிழைக்க உதவும் மூளை உண்மையைக் காட்டும் மூளையாகவும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே. பரிணாமக் கொள்கையும் அந்த மூளை கண்டதுதான். நம் முடிவுகளைக் கருவியாலும் கணக்காலும், அடுத்தவர் மறுப்பாலும் சோதிக்கிறோம், அதனால் ஓரளவு நம்பலாம் என்பது என் பதில். மகளிடம் கேட்டுப் பாருங்கள். சோதிப்பதும் அதே மூளைதானே என்று அவள் மடக்கினால், எனக்கு எழுதச் சொல்லுங்கள்.