6000 வேக ரேமில் சிஎல் 30, சிஎல் 36: கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வியின் சுருக்கம்: திருப்பூரில் டி-ஷர்ட் பிரிண்டிங் டிசைன் வேலைக்கு ஒரு மெஷின், ராத்திரியில் கொஞ்சம் கேம். ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு. காந்திபுரம் கடையில் ரெண்டு ரேம் கிட் (ஜோடியாக விற்கும் பெட்டி) காட்டியிருக்கிறார்கள். ரெண்டுமே டிடிஆர்5 6000, 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு. ஒன்று சிஎல் 30, இன்னொன்று சிஎல் 36.

உங்க வேலைக்கு 36 போதுமுங்க. கணக்கைப் பாருங்க, அடுத்த தடவை கடைக்காரர் வேறு நம்பர் காட்டினாலும் நீங்களே போட்டுக்கலாம்.

சிஎல் என்பது கேட்ட டேட்டாவை ரேம் கொடுக்க ஆரம்பிக்கும்வரை காத்திருக்க வேண்டிய கிளாக் துடிப்புகளின் எண்ணிக்கை, நேரமல்ல. நானோசெகண்டில் வேண்டுமென்றால் சிஎல்லை 2000-ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுக்கணும். 6000-ல் சிஎல் 30 என்றால் 10 நானோசெகண்ட், சிஎல் 36 என்றால் 12. பழைய டிடிஆர்4 3200 சிஎல் 16-க்குப் போட்டாலும் அதே 10 தான் வரும். "16 இருந்தது 30 ஆயிடுச்சு, டிடிஆர்5 மந்தம்" என்பதெல்லாம் வேகத்தை மறந்துவிட்டுப் போடுகிற கணக்கு. இந்த ரைசனில் பிராசஸர் கேட்ட டேட்டா ரேமிலிருந்து வந்து சேர மொத்தம் 70 நானோசெகண்ட் சுமார் ஆகும். சிஎல் 30 வாங்கினால் அதில் 2 மிச்சமாகும்.

அந்த 2-ம் முழுசாகக் கிடைக்குமா என்றால், ஸ்டிக்கரில் உள்ள நாலு நம்பரையும் பார்க்கணும். மலிவான சிஎல் 30 கிட்டில் 30-40-40-96 என்று இருக்கும். சிஎல் 36-ல் 36-36-36-96 கிடைக்கிறது. ரேமுக்குள் டேட்டா வரிசை வரிசையாக இருக்கிறது. திறந்திருக்கும் வரிசையிலேயே வேண்டியது இருந்தால் முதல் நம்பர் மட்டும்தான் செலவு. வேறு வரிசையில் இருந்தால், இருப்பதை மூட மூன்றாவது நம்பர், புதியதைத் திறக்க இரண்டாவது, அப்புறம் படிக்க முதல் நம்பர். கூட்டினால் 40+40+30 = 110 துடிப்பு. 36 கிட்டுக்கு 108! அந்த இடத்தில் விலை கூடின கிட்தான் ஒரு பொட்டுப் பின்தங்குகிறது. 30-36-36 கிடைத்தால் 102, அது உண்மையிலேயே நல்ல கிட். ஆகவே பெட்டி மேலே பெரிசாகப் போட்டிருக்கும் சிஎல்லுக்கு மட்டும் காசு கொடுக்காதீங்க.

வித்தியாசம் தெரியும் இடம் கேம்தான், அதுவும் கிராபிக்ஸ் கார்டு பலமாக இருந்து பிராசஸர் திணறும்போது. அங்கேயும் சில சதவீதம்தான். 7800எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி) உள்ள பிராசஸரில் அதுவும் குறையும்.

டிசைன் வேலையில் ரேம் அளவு பத்தாமல் போவதுதான் பெரிய இடி. ஃபோட்டோஷாப்பில் கீழே ஸ்டேட்டஸ் பாரில் 'எஃபிஷியன்சி' வைத்துப் பாருங்க. கலர் செபரேஷன் ஃபைல் திறந்திருக்கும்போது அது 100-க்குக் கீழே இறங்கினால், ரேம் பத்தாமல் டிஸ்க்குக்குப் போகிறது என்று அர்த்தம். நானோசெகண்ட் கணக்கெல்லாம் அங்கே காலி. அப்படி இறங்கினால் சிஎல் 30-க்குப் போடும் காசைச் சேர்த்து 32 ஜிபி ஸ்டிக் ரெண்டு உள்ள கிட்டுக்குப் போங்க. "இப்போ ரெண்டு, அப்புறம் ரெண்டு" வேண்டாம். நாலு ஸ்லாட்டும் நிரம்பினால் 7600-க்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 3600 மட்டும்தான். 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்கும் வேண்டாம், சிப் குறைவு, வேகமும் குறையும்.

மாட்டும்போது: நாலு ஸ்லாட் போர்டு என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4. அசெம்பிள் செய்து கொடுத்த மெஷினில் 1, 2 என்று பக்கத்துப் பக்கத்தில் குத்தியிருந்தால் ஒற்றைச் சேனலில்தான் ஓடும், அதாவது டேட்டா போகும் ரெண்டு பாதையில் ஒன்றுதான் வேலை செய்யும். பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்போவை, அதாவது பெட்டியில் போட்ட வேகத்தில் ரேமை ஓட வைக்கும் செட்டிங்கை, ஆன் செய்யாவிட்டால் 6000 கிட்டும் பெரும்பாலும் 4800-லேயே கிடக்கும், கொடுத்த காசு பெட்டியோடு சரி. ஆன் செய்தபின் முதல் தடவை ஸ்கிரீன் கறுப்பாகவே சில நிமிஷம் நிற்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பதறி ஸ்விட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அடுத்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ புரோகிராமை பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் விடக்கூடாது. 7600-க்கு அதிகாரபூர்வ வேகம் 5200. 6000 என்பதே ஓவர்கிளாக்தான், அதாவது உறுதி சொன்ன வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. ரேம் சூடானால் எரர் கூடும். தகரக் கூரை யூனிட்டில் மெஷின் இருந்தால் மார்கழியில் பாஸ் ஆனது சித்திரையில் ஃபெயிலாகலாம், வெயில் காலத்தில் இன்னொரு தடவை ஓட்டுங்க. எரர் வந்தால் டைமிங்கை (அந்த நாலு நம்பரை) தொடாமல் வேகத்தை 5600-க்கு இறக்கிப் பாருங்க. எக்ஸ்போவையே அணைத்த பிறகும் வந்தால் ஸ்டிக் பழுது. ஒவ்வொன்றாக மாட்டி எது என்று பிடித்துவிட்டு, ரெண்டையும் சேர்த்தே வாரண்டிக்குக் கொடுங்க, கிட்டைப் பிரித்து ஒன்றை மட்டும் மாற்றினால் ஜோடி பொருந்தாமல் போகலாம்.