அடமன்ட்: கேள்வி பதில்

கேள்வி: விடாப்பிடியான என்று பொருள்படும் அடமன்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் என்ன?

கிரேக்கத்தின் 'அடமாஸ்'. முன்னால் நிற்கும் 'அ' மறுப்பு. 'டம்' என்றால் அடக்குவது. அதாவது அடக்க முடியாதது. கிரேக்கக் கவிஞர் ஹெசியடின் காவியத்தில் வானக் கடவுள் யுரேனஸை வெட்டிய அரிவாள் அடமாஸால் ஆனது. வைரம் என்ற பொருள் அதற்குப் பிறகுதான் சேர்ந்தது. டயமண்ட் என்பதும் இதே சொல் உருமாறியதுதான்.

கேள்வி: ஐயா, அடம் பிடிப்பவரைத்தானே அடமன்ட் என்கிறார்கள்? தமிழிலிருந்து போனதுதானே?

இல்லை. ஒலி ஒத்துப்போவதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: ஆதாமோடு தொடர்பு உண்டா?

அது எபிரேயப் பெயர். தொடர்பில்லை.

கேள்வி: பழைய ஆங்கிலத்தில் காந்தத்தையும் அடமன்ட் என்றார்களாமே?

நல்ல கேள்வி. வைரம் பக்கத்தில் இருந்தால் காந்தம் இரும்பை இழுக்காது என்றுதான் முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் ப்ளினி எழுதினார். இடைக்கால லத்தீன்காரர்களோ அடமாஸைக் கேட்டதும் 'அடமாரே' என்ற வினையை நினைத்தார்கள். அதற்கு விரும்புவது, நேசிப்பது என்று பொருள். அப்படியானால் ஈர்க்கும் கல்தானே என்று காந்தத்துக்கே அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். பிரெஞ்சில் காந்தத்துக்கு இன்றும் 'எமான்' என்றே பெயர். அதுவும் அடமாஸின் வழி வந்தது. ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில் ஹெலினா தன்னை வெறுப்பவனை 'கல்நெஞ்ச அடமன்ட்' என்கிறாள். அவன் கல்லாக இறுகியும் இருக்கிறான், அவளை இழுக்கவும் செய்கிறான். இரண்டு பொருளும் ஒரே வரியில்! சொல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

கேள்வி: அடங்கு, அடம், அடமாஸ் மூன்றும் ஒரே வேர்தான். ஏன் மறுக்கிறீர்கள்?

சரி, பிரித்தே பார்ப்போம். அடமாஸில் 'அ'வை எடுத்தால் 'டம்' தனியாக நிற்கும். லத்தீனின் 'டொமாரே', ஆங்கிலத்தின் 'டேம்', சமஸ்கிருதத்தின் 'தம' எல்லாம் அதன் உறவு. தமிழின் 'அடங்கு'வில் 'அ' மறுப்பு அல்ல, வேரின் பகுதி. எடுத்துவிட்டால் மிச்சம் ஏதுமில்லை. பொருளும் நேர் எதிர்: அடங்கு என்றால் பணிவது, அடமாஸ் பணியாதது. அடமாரே என்று நம்பியவர்களும் ஒலியை மட்டும் பார்த்துத்தான் ஏமாந்தார்கள்.

கேள்வி: அடமன்டியம்?

1969இல் மார்வெல் காமிக்ஸில் வந்த கற்பனை உலோகம். வேர் இதுதான்.

கேள்வி: பாட்டி மோதிரத்தில் உள்ளது வைரமா என்று எப்படிப் பார்ப்பது? சுத்தியலால் தட்டினால் உடையாதாமே?

தட்டாதீர்கள்! அசல் கல்லை அடித்தால் பட்டறைக்கல்தான் பிளக்கும் என்று ப்ளினி எழுதியது தவறு. வைரத்தைக் கீறுவதுதான் கடினம். நான்கு திசைகளில் அது சுலபமாகப் பிளக்கும். கல் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள்.

கேள்வி: அடம் என்ற சொல்தான்...

மேலே பதில் இருக்கிறது. படியுங்கள்.