விக்டோரியாவில் கறிக்கு எந்த மான்?

தம்பி, மெல்பேர்ண் வந்து ஒரு வருஷம் என்கிறீர்கள். வேலையிடத்து ஆட்கள் மலைப்பக்கம் மான் வேட்டைக்குப் போகிறார்கள், நானும் லைசென்ஸ் எடுக்கலாமா, இறைச்சிக்கு எந்த மான் நல்லது, வன்னியில் தின்ற மரைதானே இங்கேயும் நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

அதே மரைதான். இந்தியாக்காரர் கடமான், மிளா என்பார்கள், இங்கே சாம்பார். 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டவற்றின் வழி அது. இன்று மான்ஸ்ஃபீல்ட், ஜேமிசன், லிக்கோலா, டார்கோ மலைச்சரிவுகள் எங்கும் பெருகிக் கிடக்கிறது. ஆனாலும் முதல் மானாக மரையைத் தேடிப் போகாதீர்கள். ஃபாலோ (fallow) என்கிற சின்ன உடம்பு மானைத் தேடுங்கள், அதிலும் இளசாக.

மரைக் கிடாய் ஒன்று 200 கிலோவுக்கு மேலே போகும். அது விழுவது பெரும்பாலும் பள்ளத்தாக்கின் அடியில். எலும்பு நீக்கி வெட்டினாலும் 60, 70 கிலோ சதையை முதுகில் சுமந்து மேலே ஏற்ற வேண்டும். இரண்டு பேர் இரண்டு மூன்று நடை நடக்கிற வேலை, அதற்குள் மீதி இறைச்சி சூட்டில் கிடக்கும். ஃபாலோப் பெட்டை 40 கிலோ சொச்சம்தான். ஒரு ஆள் இழுத்து வரலாம், வீட்டுப் பிரிட்ஜில் அடங்கும். நார் மெல்லியது, வாசம் குறைவு, ஆட்டிறைச்சிக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடிக்கும். ஹொக் (hog) மான் என்கிற குட்டை மானின் இறைச்சியும் அருமை. ஆனால் அது கிப்ஸ்லாந்துக் கரையோரத்தில் மட்டும், ஏப்ரல் மாதம் மட்டும், சுட்ட மானில் கட்டுகிற அடையாளப்பட்டி வாங்கி, ஆண் ஒன்று பெண் ஒன்று என்ற கணக்கில்தான். புதியவருக்கு அது இப்போதைக்கு வேண்டாம். நம்முடைய புள்ளிமானின் ருசிக்கு ஈடில்லை என்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். அதற்குக் குயின்ஸ்லாந்தில் சார்ட்டர்ஸ் டவர்ஸ் பக்கம் போக வேண்டும்.

இனத்தைவிட வயதும் மாதமும்தான் முக்கியம். ஃபாலோக் கிடாய் ஏப்ரலில் இணைசேரும் பருவத்துக்கு வரும். அந்த நாட்களில் தீனியை விட்டுவிட்டுத் தன் மூத்திரத்திலேயே புரண்டு திரியும். அப்போது சுட்ட கிடாயின் இறைச்சி எந்தச் சரக்குத்தூளுக்கும் அடங்காது. பருவம் முடிந்தபின் எலும்பும் தோலுமாகிவிடும், குளிர்காலம் முடியும்வரை தேறாது. சிவப்பு மானும் இப்படித்தான், மார்ச் கடைசியிலிருந்து. ஆகவே கிடாய் என்றால் பெப்ரவரி, மார்ச் முதல் பாதி. அப்போது கொழுத்து நிற்கும். பெட்டை என்றால் மே, ஜூன். டிசம்பரில் பிறந்த குட்டி அதற்குள் தானாக மேயும், ஆனாலும் குட்டி பக்கத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே துவக்கைத் தூக்குங்கள். மரைக்கு இப்படி ஒரே பருவம் கிடையாது. எந்த மாதத்திலும் கிடாய் நாறலாம், எந்த மாதத்திலும் குட்டி நிற்கலாம். அதனால் மரையில் கொம்பு கிளைக்காத இளங்கிடாய் அல்லது இளம்பெட்டை. இளசை முகத்தில் பிடிக்கலாம்: முகம் குட்டை, கழுத்து மெல்லிசு, வயிறு ஒட்டியிருக்கும். கிழட்டுப் பெட்டைக்கு முகம் நீண்டு, வயிறு தொங்கி, முதுகு குழிந்திருக்கும். பெரிய கொம்பு சுவரில் மாட்டத்தான் நல்லது.

சட்டம் சுருக்கமாக. பொலிஸிடம் துவக்கு லைசென்ஸ், வேட்டையைக் கவனிக்கிற அரசு அமைப்பான கேம் மேனேஜ்மென்ட் அதோரிட்டியிடம் வேட்டை லைசென்ஸ், இரண்டும் வேண்டும். மரை, சிவப்பு மானுக்கு .270க்குக் (குழல் விட்டம், அங்குலத்தில்) குறையாத துவக்கும் 130 கிரெயினுக்குக் (சன்னத்தின் எடை அளவு) குறையாத சன்னமும், ஃபாலோ, ஹொக் மானுக்கு .243உம் 80 கிரெயினும். ஃபாலோவுக்கென்று .243 வாங்கி, பிறகு மரைக்குப் பாவிக்க முடியாமல் இரண்டாவது துவக்குக்கு விண்ணப்பிப்பவர்கள் நிறைய. முதலிலேயே .308 வாங்கினால் எல்லாவற்றுக்கும் காணும். இரவில் லைட் அடித்துச் சுடுவது குற்றம். விசாவில் இருப்பவர் துவக்கு வழக்கில் மாட்டினால் விசாவுக்கே ஆபத்து. இன்னொன்று: இறைச்சியை விற்க முடியாது. நம் ஊர்ப் பங்கிறைச்சி மாதிரிக் காசு சேர்த்துப் பங்கு போட்டால் அதுவும் விற்பனைதான். சும்மா கொடுங்கள்.

வெடி நெஞ்சில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கிற இடத்தில் பட வேண்டும். தோளில் பட்டால் ஒரு முன்னங்கால் இறைச்சி போச்சு. வயிற்றில் பட்டால் குடல் கிழிந்து நாறும், மானும் நெடுந்தூரம் ஓடும். அப்படி ஓடிக் களைத்து, பயந்து செத்த மானின் சதையில் சர்க்கரைச்சத்து தீர்ந்துபோயிருக்கும். செத்தபின் ஊற வேண்டிய புளிப்பு ஊறாது. சதை கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். மான் இறைச்சி கவிச்சி என்று சொல்பவர்கள் பலர் தின்றது இதைத்தான். ஈயச் சன்னம் சிதறி மாவாகச் சதைக்குள் போகும், பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டுக்குச் செப்புச் சன்னமே நல்லது. எதுவானாலும் காயத்தைச் சுற்றி ஒரு கையகலம் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

விழுந்தவுடன் குடலை எடுங்கள். பின்னங்காலில் உட்பக்கமும் வெளிப்பக்கமும் மயிர்க்கற்றையாய் இருக்கிற சுரப்பியைத் தொட்ட கையால் இறைச்சியைத் தொடாதீர்கள். ஈரலை ஒரு தடவை வெட்டிப் பாருங்கள். தட்டைப்புழு இருந்தால் ஈரலை மட்டும் எறியலாம். நிணக்கட்டி வீங்கி, சீழ் கட்டியிருந்தால் முழு மானையும் விடுங்கள். ஓடைத் தண்ணீரில் கழுவுகிற பழக்கம் வேண்டாம். ஈரம்தான் இறைச்சிக்கு எதிரி, துணியால் துடையுங்கள். சூட்டுக்காலத்தில் இலையான் ஒரு மணித்தியாலத்திலேயே முட்டை போட்டுவிடும். மெல்லிய துணிப்பைக்குள் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஆறவைப்பதில்தான் மரையும் ஃபாலோவும் நேர்எதிர். மரையின் தொடை தடிப்பு. வெளியே குளிர்ந்தாலும் இடுப்பெலும்பைச் சுற்றிச் சூடு நின்று, உள்ளேயே புளித்துவிடும். தோலோடு விட்டால் இன்னும் மோசம். உடனே உரித்து, தொடையைப் பிரித்து, எலும்போரமாகக் கீறிவிட வேண்டும். ஃபாலோவோ சின்ன உடம்பு. சுட்ட கையோடு உரித்துப் பிரிட்ஜில் தள்ளினால், செத்த உடம்பில் வரும் விறைப்பு வந்து முடிவதற்குள் குளிர் பிடித்துச் சதை சுருங்கிவிடும். பிறகு எவ்வளவு அவித்தாலும் றப்பர்தான். முதல் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் 10 பாகைக்குக் கீழே போக விடாமல் நிழலில் காற்றாடத் தொங்கவிட்டு, அதன் பிறகு 0 முதல் 4 பாகைக்குள் வையுங்கள். இளம் ஃபாலோவுக்கு நாலைந்து நாள், மரைக்குப் பத்து நாள்வரை. எஸ்கி என்கிற ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தால் அடியில் தண்ணீர் வடிகிற மூடியைத் திறந்து வையுங்கள். ஐஸ் உருகின தண்ணீரில் ஊறிய இறைச்சி வெளிறிச் சப்பென்று போய்விடும்.

வெட்டும்போது வெள்ளைக் கொழுப்பையும் சவ்வையும் முழுதாக வழித்தெடுங்கள். மான் கொழுப்பு வாயில் மெழுகாய் உறையும், கவிச்சியும் அதிலேதான். முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடுகிற நீள்சதையைக் கறிக்கு வெட்டாதீர்கள், அநியாயம். விரல்தடிப்பில் அரிந்து, மிளகும் உப்பும் போட்டுச் சூடான சட்டியில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் 71 பாகை தாண்டி நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். கறிக்கு முன்னங்கால், கழுத்து, கணைக்கால். அவற்றில் சவ்வு நிறைய, மெல்ல வேகும்போது அதுதான் பசையாகிக் குழம்பைத் தடிப்பாக்கும். இறைச்சியில் கொழுப்பு இல்லாததால் ஆட்டுக்கு விடுவதைவிட அரைப்பங்கு எண்ணெய் கூட விடுங்கள், துண்டுகளைப் பெரிதாக வெட்டுங்கள், மூடிவைத்துச் சின்ன நெருப்பில் இரண்டரை மணித்தியாலம். தேங்காய்ப்பாலைக் கடைசியில் விடுங்கள். மரைத்தொடையை வத்தல் போடுவதானால் மெல்பேர்ண் வெயிலை நம்பாமல் மின்சார உலர்த்தி ஒன்று வாங்குங்கள்.