ஸ்பானிய மொழியில் ‘பேசாதே’ என்று சொல்வது எப்படி?

கேள்வி: ஸ்பானிய மொழியில் ‘பேசு’ என்பதற்கு ‘ஆப்லா’ என்று படித்தேன். ‘பேசாதே’ என்னும் பொருளில் ‘நோ ஆப்லா’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். ‘நோ’ சேர்த்தால் போதாதா?

பதில்: போதாது. நீங்கள் எழுதியது பிழையற்ற ஸ்பானிய வாக்கியம்தான். ஆனால் அதற்கு ‘அவர் பேசுவதில்லை’ என்று பொருள். தமிழில் ‘பேசு’ என்பது ‘பேசாதே’ ஆகும்போது வினையின் ஈறு மாறுகிறதல்லவா? அங்கே ‘நோ’ முன்னால் வருவதோடு ஈறும் மாறியாக வேண்டும்.

அதற்கு, ‘நான் பேசுகிறேன்’ என்னும் பொருளுடைய ‘ஆப்லோ’விலிருந்து தொடங்குங்கள். கடைசி ‘ஓ’வை நீக்கிவிட்டு, மூலவினை (அகராதியில் காணும் வடிவம்; இங்கே ‘ஆப்லார்’) ‘ஆர்’ என்று முடிந்தால் எகரத்தையும், ‘ஏர்’ அல்லது ‘ஈர்’ என்று முடிந்தால் ஆகாரத்தையும் சேர்த்து, ‘நீ’ என்று அழைப்பவரிடம் சொல்வதானால் இறுதியில் ‘ஸ்’ இட வேண்டும். ஆகவே, பேசாதே என்பது ‘நோ ஆப்லெஸ்’. சாப்பிடாதே என்பது ‘நோ கோமாஸ்’. எழுதாதே என்பது ‘நோ எஸ்க்ரீபாஸ்’. ஒவ்வொரு வினையும் தனக்கு உரிமையில்லாத உயிரைக் கடன் வாங்குகிறது என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

மரியாதையாக ஒருவரிடம் ‘பேசாதீர்கள்’ என்பதற்கு அந்த ‘ஸ்’ஸை விட்டு ‘நோ ஆப்லெ’ என்றும், பலரிடம் ‘நோ ஆப்லென்’ என்றும் சொல்ல வேண்டும். இவ்விரண்டிலும் ‘நோ’வை எடுத்துவிட்டால் அதுவே ‘பேசுங்கள்’ ஆகிவிடும் என்பதால், உங்களைத் தடுமாற வைத்த சிக்கல் இங்கே இல்லை. ஸ்பெயினில் மட்டும் நண்பர்கள் பலரைச் சேர்த்துச் சொல்லும்போது ‘நோ ஆப்லெய்ஸ்’ என்பார்கள்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘தொடு’ என்னும் பொருளுடைய ‘தொகார்’ என்ற வினையில் ககர ஒலியைத் தருவது ‘சி’ என்னும் எழுத்து. எகரத்துக்கு முன்னால் அவ்வெழுத்து அந்த ஒலியை இழந்துவிடும் என்பதால், ‘நோ தோகெஸ்’ என்று எழுதும்போது ‘சி’க்குப் பதிலாக ‘கியூ’, ‘யு’ ஆகிய இரண்டையும் இடுகிறார்கள். ஒலி காப்பாற்றப்படுகிறது, எழுத்துதான் மாறுகிறது.

‘அதை’ என்னும் பொருளுடைய ‘லோ’ போன்ற சிறு சொற்களும் இடம் மாறும். ‘அதைச் சாப்பிடு’ என்னும்போது வினையின் வாலாக ஒட்டிக்கொண்டு ‘கோமெலோ’ என்று வருவது, ‘அதைச் சாப்பிடாதே’ என்னும்போது ‘நோ’வுக்கும் வினைக்கும் நடுவே தனியாக நின்று ‘நோ லோ கோமாஸ்’ என்றாகும்.