ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: மொட்டை மாடியில் கறுப்புப் பைகளில் தக்காளி, கத்தரி, ரோஜா வளர்க்கிறேன். காலையும் மாலையும் அடியில் வழியும்வரை தண்ணீர் ஊற்றியும் உச்சி வெயிலில் செடிகள் துவண்டுவிடுகின்றன. தக்காளியில் பூவும் கொட்டுகிறது. மதியமும் ஊற்றலாமா? ஈரம் காக்கும் ஜெல் குருணையைப் போடச் சொல்கிறார் கடைக்காரர்.

பதில்: எத்தனை முறை ஊற்றுவது என்பதை அப்புறம் பார்ப்போம். ஊற்றியது வேருக்குப் போகிறதா? வாடும் பை ஒன்றில் நான்கு விரல் ஆழம் தோண்டிப் பாருங்கள். மேலே ஈரமும் உள்ளே உலர்ந்த நார்த்தூளுமாக இருந்தால் சங்கதி அதுதான். தென்னை நார்க்கழிவு மிகுந்த கலவை நன்றாகக் காய்ந்துவிட்டால் இப்படி ஆகும். கலவை சுருங்கிப் பையின் ஓரத்தில் சந்து விழும். நீங்கள் ஊற்றுவது அந்தச் சந்து வழியே இறங்கி அடியில் ஓடுகிறது. அதைப் பார்த்துச் செடி குடித்துவிட்டது என்று நம்புகிறீர்கள்.

தயார் கலவை என்று விற்கும் மூட்டைகள் பலவற்றில் நார்க்கழிவைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. தூக்க லேசு, விற்கவும் லேசு. வெயிலில் அல்லாடுவது நீங்கள்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நார்க்கழிவு வேண்டாம். மீதி மண்ணும் மட்கிய எருவும் இருக்கட்டும். இப்போதைக்கு ஒவ்வொரு பையையும் தண்ணீர்த் தொட்டியில் முக்கால் உயரம் அமிழ்த்தி வையுங்கள். குமிழி நிற்க அரை மணி நேரம்கூட ஆகலாம். பிறகு தூக்கிப் பார்த்தால் கனமே சொல்லிவிடும்.

உள்ளேயும் ஈரம் இருந்தால் மதிய வாட்டத்துக்குப் பதற வேண்டாம். இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை, அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் துவண்டிருந்து மண் சொதசொதவென்று இருந்தால் வேரழுகல்; அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றுவது கொலை.

ஜெல் குருணைக்குக் காசைக் கொட்டாதீர்கள். உரத்தின் உப்பு பட்டால் அது உறிஞ்சும் அளவு வெகுவாகக் குறையும். கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். காய்ந்த சருகையோ வைக்கோலையோ இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல். மாடித்தோட்டத்தில் மூடாக்கு இல்லாத பையைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். வெற்று மண்ணை வெயிலில் காட்டிவிட்டு வேளாவேளைக்குத் தண்ணீர் சுமப்பதில் என்ன நியாயம்?

கறுப்புப் பை வெயிலை வாங்கி வேரைச் சுடும். வெளியே வெள்ளைச் சாக்கைச் சுற்றுங்கள். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் தூக்கி, நெருக்கமாக வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றதன்மேல் விழும்.

பூ உதிர்வது தனிக் கதை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளி மகரந்தம் கெட்டுப் பூ கொட்டும். எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. 50 சதவீத நிழல்வலை கொஞ்சம் உதவும்.

விடியற்காலையில் ஊற்றுவதே நல்லது. மாலையில் ஊற்றினால் வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். சுட்டால் அதை வாளியில் பிடித்து ஆறவிடுங்கள். வாடிய செடி தேறும்வரை உரம் எதுவும் வேண்டாம்.