கணினி கேள்வி – பதில்: பாண்டி முகவரி போட்டால் மட்டும் கார்ட் (வாங்கும் கூடை) மறுக்கிறதே!

கேள்வி: ஐயா, முந்திரிப் பருப்பைச் சொந்த வலைத்தளத்தில் விற்கிறேன். வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளும், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸும்தான். சென்னை, கோவையிலிருந்து ஆர்டர் நன்றாக வருகிறது. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்காரர்கள் மட்டும், “கார்ட்டில் போட்டுவிட்டோம், முகவரி கொடுத்ததும் டெலிவரி இல்லை என்று சொல்கிறது” என்று போன் செய்கிறார்கள். என் லேப்டாப்பில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. – வாசகி, பண்ருட்டி

பதில்: சகோதரி, நீங்கள் உங்கள் வீட்டு முகவரியைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். பண்ருட்டி முகவரிக்கு அது சரியாகத்தான் வரும். நான் மஞ்சக்குப்பம் கடையில் உட்கார்ந்தபடி, என் போனில் உங்கள் தளத்தைத் திறந்தேன். கால் கிலோ முழுப்பருப்பைக் கார்ட்டில் போட்டு, பாகூரில் இருக்கும் என் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்தேன். மாநிலம் என்ற பெட்டியில் புதுச்சேரியைத் தொட்டதுமே டெலிவரி கட்டணம் காணாமல் போனது. தெரு, பின்கோடு எதையும் மாற்றாமல் மாநிலத்தை மட்டும் தமிழ்நாடு ஆக்கினேன். அறுபது ரூபாய் கட்டணம் திரும்ப வந்தது.

நமக்குப் பாண்டி வேறு ஊர்கூட இல்லை, முள்ளோடையைத் தாண்டினால் வந்துவிடும். வூகாமர்ஸுக்கு அது தமிழ்நாட்டைப் போலவே பட்டியலில் தனியாக உள்ள ஒரு பெயர். எந்தெந்த இடத்துக்கு டெலிவரி உண்டு என்று குறிக்கும் உங்கள் ஷிப்பிங் மண்டலத்தில் தமிழ்நாடு மட்டும்தான் இருக்கிறது. செட்டிங்ஸில் ஷிப்பிங் பகுதிக்குப் போய், அதே மண்டலத்தில் புதுச்சேரியையும் சேர்த்துச் சேமியுங்கள். வேலை முடிந்தது.

அங்கே பின்கோடு போடும் பெட்டி ஒன்றும் உண்டு. 605 என்று தொடங்குவதெல்லாம் பாண்டி என நினைத்து அதில் எதையும் போட்டுவிடாதீர்கள். விழுப்புரம் 605602, ஆனால் தமிழ்நாடு. அக்கா ஊர் பாகூர் 607402, கடலூர் எண் மாதிரியே இருக்கும், ஆனால் புதுச்சேரி. காரைக்கால் 609602. கேரளாவை ஒட்டிய மாஹே 673310, ஆந்திராவை ஒட்டிய ஏனாம் 533464. இந்த இரண்டு ஊருக்கும் கூரியர் கூடுதலாகக் கேட்டால் அந்த எண்களுக்குத் தனி மண்டலம் போட்டு, பட்டியலில் மேலே வையுங்கள். மேலிருந்து பார்த்து முதலில் பொருந்துவதைத்தான் வூகாமர்ஸ் எடுத்துக்கொள்ளும்.

“தமிழ்நாடு என்று போட்டுக்கோங்க, வந்துடும்” என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். பார்சல் போய்ச் சேரும், பில் தப்பாகிவிடும். பண்ருட்டியிலிருந்து பாண்டிக்கு விற்பது மாநிலம் விட்டு மாநிலம் விற்பது, அதற்கு ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். வரி உள்ள சரக்கை அப்படி விற்க, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். பதிவு இல்லையென்றால், மண்டலத்தைத் திறப்பதற்கு முன்னால் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நைட்டி தைத்து விற்கிறேன். கார்ட்டில் போட்ட துணி, பணம் கட்டப் போகும்போது காணோம் என்கிறார்கள். எனக்கு மட்டும் நன்றாக வேலை செய்கிறது. – வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: உங்களுக்கு மட்டும் வேலை செய்கிறது என்பதுதான் துப்பு. தளம் வேகமாகத் திறக்க கேஷ் (cache) பிளகின் என்ற துணை மென்பொருளைப் போட்டிருப்பீர்கள். அது ஒரு பக்கத்தை ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே காட்டும். பெரும்பாலான பிளகின்கள் லாகின் செய்திருக்கும் உரிமையாளருக்கு மட்டும் புதுப் பக்கத்தைக் காட்டும். அதனால் கோளாறு உங்கள் கண்ணில் படாது.

போன தீபாவளிக்கு நான் அமைத்துக் கொடுத்த ஒரு பலகாரக் கடைத் தளத்தில் இதே தவறை நானே செய்தேன். இரண்டு நாள் ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சி வைத்துவிட்டு அந்த அம்மா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அதிலிருந்து எந்தத் தளத்தைக் கொடுத்தாலும், லாகின் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் கடைசிவரை ஒரு ஆர்டர் போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை.

கார்ட், செக்அவுட், மை அக்கவுன்ட் மூன்று பக்கங்களையும் கேஷிலிருந்து விலக்குங்கள். உங்கள் தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்திலும் தனியாக ஒரு கேஷ் இருக்கும், அவர்களிடமும் சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்கைப் பாருங்கள். அதில் முன்னால் மூன்று டபிள்யூ இருந்து, செக்அவுட் பக்கத்தில் இல்லையென்றால் பிரவுசர் இரண்டையும் வேறு வேறு கடையாக நினைக்கும். ஒன்றில் போட்டது மற்றொன்றில் தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளருக்குப் பணம் போய்விட்டது, ஆர்டரோ கேன்சல் ஆகிவிட்டது. திரும்பக் கட்டச் சொல்லலாமா? – வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். யு.பி.ஐ.யில் பணம் கட்டியவர் உங்கள் தளத்துக்குத் திரும்பாமல் மூடியிருப்பார். தளத்துக்குத் தகவல் வராததால் ஆர்டர் பணம் வராத நிலையிலேயே (பெண்டிங்) நின்று, சரக்கைப் பிடித்து வைக்கும் நேரம் தாண்டியதும் ரத்தாகிவிடும். வூகாமர்ஸில் அது வழக்கமாக 60 நிமிடம். முதலில், வாடிக்கையாளர் பணத்தை உங்களுக்கு வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் அங்கே இருந்தால் ஆர்டரை நீங்களே பிராசஸிங் நிலைக்கு மாற்றிச் சரக்கை அனுப்புங்கள். வெப்ஹூக் அமைப்பையும் சரிபாருங்கள். பணம் வந்த தகவலைக் கேட்வே நேராகத் தளத்துக்குச் சொல்லும் வழி அது.

பணம் உங்கள் பக்கம் வரவே இல்லையென்றால் வாடிக்கையாளரின் வங்கி 5 நாளுக்குள் தானாகத் திருப்பித் தர வேண்டும்; தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்து. இது ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவு. அவரை இன்றே போனில் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள், பணம் போனவர் தூங்கியிருக்க மாட்டார்.