கிட்டாரைச் சேர்த்ததும் கிக் டிரம் அமுங்கிப்போகிறதே, ஏன்?

காட்பாடியில் மாடி அறையில் பதிவு செய்வதாகவும், மிக்ஸிங்கில் (பதிவுகளை ஒன்றாகக் கலக்கும்போது) கிட்டார் வந்ததும் கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) அமுங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பாதிக் கோளாறு மைக் வைக்கும் இடத்தில்தான் இருக்கும்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் ஓட்டைக்கு நேராக மைக் வைத்தால் பேஸ் குமுறும். கிட்டாரின் கழுத்தில் 12-வது ஃப்ரெட்டை (குறுக்குப் பட்டையை) பார்த்து ஓர் அடி தள்ளி வையுங்கள். டிரம்ஸுக்கு மேலே இரண்டு மைக் தொங்கவிட்டால், ஸ்னேரிலிருந்து (குச்சியால் அடிக்கும், சுள்ளென்று ஒலிக்கும் டிரம்) இரண்டுக்கும் ஒரே தூரமா என்று கயிறு பிடித்து அளந்துவிடுங்கள். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகிறது, தூரம் மாறினால் இரண்டு பதிவும் ஒன்றையொன்று தின்று, ஸ்னேர் தகர டப்பா மாதிரி கேட்கும். நானும் ஒரு மாதம் ஈக்யூவை (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) திருகி ஓய்ந்த பிறகுதான் கயிற்றை எடுத்தேன்.

அப்புறம் மிக்ஸிங். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். கிக்கின் உதையும் பெரும்பாலும் 60 முதல் 100-க்குள்தான், அதனால் இரண்டும் மோதிக் கிக் அமுங்குகிறது. கிட்டாருக்கு 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழே உள்ள ஒலியைக் குறைப்பது) போடுங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்துதான் தெரியும், பரவாயில்லை.

வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்துவது கொடுமைதான், ஆனால் நிறுத்தத்தான் வேண்டும். மே மாதத்தில் நான் விடியற்காலை 5 மணிக்கே கிட்டாரை முடித்துவிடுவேன். டிரம்ஸை அந்த நேரத்தில் தொட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார்.